டிவிடி பிளேயர் ஏன் அவ்வளவு மலிவானது? ப்ளூரே பிளேயர் ஏன் அப்படி ஆகவில்லை?

சுருக்கமாகச் சொன்னால், விலையை முடிவு செய்வது உள்ளே இருக்கும் சிப், லேசர், காப்புரிமைக் கட்டணம் மூன்றும்தான். தகரப் பெட்டியின் செலவு சொற்பம்.

ஹெச்டி டிவிடி என்பது ப்ளூரேவுக்குப் போட்டியாக வந்த உயர்தர வீடியோ டிஸ்க். 2006-இல் தோஷிபா விற்ற அதன் முதல் பிளேயரைக் கழற்றிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள், உள்ளே பென்டியம் 4 பிராசசரும் 1 ஜிபி ரேமும் இருந்தன, அதாவது முழுக் கணினி. அந்த வேலைக்கென்று தனிச் சிப் அப்போது தயாராகவில்லை. ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி பாகங்களின் செலவே 499 டாலர் விற்பனை விலையைத் தாண்டியது. டிஸ்க் வடிவம் ஜெயித்தால் காப்புரிமைப் பணம் பல வருடம் வரும் என்ற கணக்கில்தான் நஷ்டத்துக்கு விற்றார்கள். ஆனால் ப்ளூரேவிடம் தோற்று 2008 பிப்ரவரியில் தோஷிபா ஹெச்டி டிவிடியைக் கைவிட்டது, போட்ட பணம் போனது போனதுதான்.

ப்ளூரேவுக்கும் ஹெச்டி டிவிடியில் இருந்த அதே 405 நானோமீட்டர் நீல லேசர்தான். அதைக் காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்தியில் செய்ய வேண்டும், ஆரம்பத்தில் தயாரித்த லேசர்களில் தேறியவை குறைவு, கழிந்தவற்றின் செலவும் தேறியதன் தலையில்தான் விழும்.

டிவிடிக்குச் சிப் சிக்கல் தீர்ந்துவிட்டது. எல்லா வேலையும் ஒரே சிப்பில் அடங்கியது, சீனத் தொழிற்சாலைகள் வாங்கிப் பொருத்தினாலே போதும். அப்புறம் விலை சரிந்தது, ஆனால் காப்புரிமைக் கட்டணம் அதே வேகத்தில் இறங்கவில்லை, அதனால் மலிவான பிளேயரில்தான் அதன் பங்கு பெரிதாக உறுத்தியது. என்னைக் கேட்டால், சீனத் தயாரிப்பாளர்கள் அதை எதிர்த்துச் சண்டை போட்டது நியாயமே.

ப்ளூரேவும் பிறகு ஓரளவு மலிவானது, ஆனால் அதற்குள் ஸ்ட்ரீமிங் வந்து விற்பனை எண்ணிக்கையைச் சாப்பிட்டுவிட்டது.