திருத்திக் கொடுத்த நாவலுக்குப் பாக்கி வரவில்லை: எடிட்டர் என்ன செய்யலாம்?

கேள்வி: திருச்சியில் வீட்டிலிருந்தபடி, சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு எடிட்டிங், லேஅவுட், அட்டை, ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான அடையாள எண்), அச்சக வேலை, கிண்டில் மின்னூல் என்று எல்லாம் செய்து தருகிறேன். ஒருவருடைய 70,000 சொல் நாவலுக்கு வாட்ஸ்அப்பில் 48,000 ரூபாய் பேசினோம். எடிட்டிங் சொல்லுக்கு 40 பைசா வீதம் 28,000, 320 பக்க லேஅவுட் 8,000, அட்டை 6,000, அச்சகப் பொறுப்பும் கிண்டிலும் 6,000. முன்பணம் 15,000 வந்தது. நடுவில் 9,000 சொல்லுக்கு மூன்று அத்தியாயங்களைப் புதிதாகச் சேர்த்தார்; அதையும் பார்த்துக் கொடுத்தேன். ‘அருமை, அச்சுக்குப் போகலாம்’ என்றவர், பிடிஎஃப் கைக்குப் போனதும் ‘எடிட்டிங் சரியில்லை, முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், இன்டிசைன் ஃபைலையும் (லேஅவுட் செய்த மூல ஃபைல்) அனுப்புங்கள், இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன்’ என்கிறார். இப்போது வேறு அச்சகத்தில் 300 பிரதி போட்டுவிட்டார். உள்ளே என் பதிப்பகப் பெயரும் என் ஐ.எஸ்.பி.என்.னும் அப்படியே இருக்கின்றன. நான் திருத்திய பிரதியில் எனக்குப் பதிப்புரிமை உண்டா? பாக்கி வரும்வரை நானே கிண்டிலில் போட்டு விற்கலாமா? அட்டை வரைந்தவரும் ‘படம் என்னுடையது’ என்கிறார். என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கிண்டிலில் போடாதீர்கள். நாவல் அவருடையது. அவர் அனுமதியில்லாமல் விற்பனைக்கு வைத்தால் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-ஆவது பிரிவுக்குள் வந்துவிடுவீர்கள். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது அந்தப் பிரிவு. இன்று பணம் தராத தவறு அவர் பக்கம் இருக்கிறது. அதை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டாம். முகநூலில் அவர் பெயரைப் போட்டு எழுதுவதும் வேண்டாம், அது அவதூறு வழக்குக்கு வழி. காவல் நிலையத்துக்கும் போக வேண்டாம். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் மோசடிப் புகார் நிற்கும். முன்பணம் கொடுத்து, பேசிப் பேசி வேலை வாங்கியவர் மீது அதைக் காட்டுவது கடினம். இது சிவில் கடன்.

திருத்திய பிரதியில் உங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. ஒற்றுப்பிழை, சந்தி, வாக்கிய ஒழுங்கு, ஒரே பாத்திரத்தின் பெயர் இரண்டு விதமாக வருவதைப் பிடிப்பது எல்லாம் உழைப்புதான். ஆனால் உழைப்பு மட்டும் பதிப்புரிமை ஆகாது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தீர்ப்புகளைச் சீர்ப்படுத்தி வெளியிட்டவர்களின் சாதாரணத் திருத்தங்களுக்குத் தனி உரிமை இல்லை. சட்ட அறிவையும் தேர்வையும் காட்டிய சில சேர்க்கைகளுக்கு மட்டும் உண்டு என்றது. லேஅவுட்டுக்கும் இதே கதி. அச்சுப் பக்க அமைப்புக்குப் பிரிட்டனில் தனி உரிமை இருக்கிறது, இந்தியச் சட்டத்தில் இல்லை. நீங்கள் அத்தியாயங்களையே புதிதாக எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை மாறும். எழுதியவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆவது பிரிவு. வேறொருவருக்காக எழுதிக் கொடுக்கும் வேலையைப் பிற்காலத்தில் எடுத்தால், யாருக்கு என்ன உரிமை என்பதைக் கையெழுத்திட்ட தாளில் முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எனவே உங்கள் வழக்கு பதிப்புரிமை வழக்கு அல்ல, கூலிப் பாக்கி வழக்கு. அது தாழ்வான வழக்கும் அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-க்கு வாட்ஸ்அப் பேச்சே போதும். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று தள்ள முடியாதபடி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் இருக்கிறது.

எவ்வளவு கேட்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். 33,000 பாக்கி என்று எழுதினால், ‘அச்சக வேலையும் கிண்டிலும் செய்யாமலே பணம் கேட்கிறார்’ என்று எதிர்த்தரப்பு உங்கள் நேர்மையையே கேள்வி கேட்கும். செய்யாத 6,000-ஐ நீங்களே கழித்துவிடுங்கள். செய்த வேலை 42,000. முன்பணம் போக 27,000. புதிய 9,000 சொல்லுக்கு அதே 40 பைசா வீதம் 3,600. அதற்குத் தனியாக விலை பேசவில்லை என்றாலும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பலனை ஒருவர் எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. ‘பரவாயில்லை, இதையும் சேர்த்தே பார்த்துத் தருகிறேன்’ என்று நீங்கள் எழுதியிருந்தால் மட்டும் அந்த 3,600-ஐ விட்டுவிடுங்கள். மொத்தம் 30,600 ரூபாய்.

ஆதாரத்தை இன்றே பத்திரப்படுத்துங்கள். அந்த உரையாடல் இருக்கிற கைபேசியை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, ட்ராக் சேஞ்சஸ் (செய்த திருத்தங்களின் தடம்) உள்ள வேர்டு ஃபைல்கள், அவற்றை அனுப்பிய மின்னஞ்சல்கள், முன்பணம் வந்த வங்கிப் பதிவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் அச்சுப்பிரதி மட்டும் நீதிமன்றத்தில் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஃபைலின் ஹேஷ் மதிப்பு (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) இருக்கும். உங்கள் கையெழுத்தோடு நிபுணர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். உங்களிடம் இருப்பதில் மிக வலுவான துண்டு ‘அருமை, அச்சுக்குப் போகலாம்’ என்ற அந்த ஒற்றை வரி. அதையும், அதே பிரதியை அவர் 300 படி அச்சடித்ததையும் பக்கத்தில் வைத்தால், எடிட்டிங் சரியில்லை என்ற பேச்சு நிற்பது கடினம். அந்த அச்சுப் பிரதி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நோட்டீஸ். ஒரு பக்கம் போதும். பேசிய தொகை, செய்த வேலை, ஒப்புதல் தந்த தேதி, கணக்கு, 15 நாள் கெடு. கூடவே ‘இந்தத் தேதியிலிருந்து வட்டி கோருகிறேன்’ என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். வட்டி பற்றி முன்கூட்டிப் பேசாத இடத்தில், எழுத்தில் வட்டி கேட்ட தேதியிலிருந்துதான் நீதிமன்றம் கொடுக்க முடியும் என்பது வட்டிச் சட்டம் 1978. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் வராவிட்டால், 30,600 ரூபாய்க்கு நேரே முன்சீப் நீதிமன்றம் போவதை நான் விரும்பமாட்டேன். வழக்குச் செலவும் அலைச்சலும் தொகையைத் தின்றுவிடும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள், கட்டணம் இல்லை. அவரை அழைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசம் பதிவானால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அவர் வராமலே இருந்தால் கதவு அங்கே மூடிக்கொள்ளும். அப்போது சிவில் வழக்கு. வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டு வரை காலம் இருக்கிறது.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உங்களிடம் இருக்கிறதா என்று எழுதவில்லை. இந்த வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்திருந்தால், எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டம் 2006-இன் கீழ், பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்கே போகலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வேலை முடிந்த பிறகு பதிந்துவிட்டுப் பழைய பாக்கிக்கு அந்தச் சலுகையைக் கேட்டால் சிக்கல்தான். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அடுத்த வேலையை எடுக்கும் முன் முடித்துவிடுங்கள்.

நுகர்வோர் ஆணைய மிரட்டலை அலட்சியம் செய்ய வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். பணம் கொடுத்துச் சேவை பெற்றவர் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவைக்கு மனுக் கட்டணமே இல்லை என்பதால் கொடுத்தும் விடுவார்கள். ஆணையத்தின் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. நல்ல ஆதாரம் வைத்திருந்தும் இந்த 45 நாளைத் தவறவிட்டுத் தோற்கிறவர்கள் உண்டு.

இன்டிசைன் ஃபைலைக் கொடுக்க வேண்டியதில்லை. பேசியது அச்சுக்கான பிடிஎஃப். மூல ஃபைல் தருவதாக எங்கும் சொல்லவில்லை. அவர் தாளில் எழுதிய கையெழுத்துப் பிரதி உங்களிடம் இருந்தால், கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு இடம் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை நகைக்காரர் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டமே தரும் உதாரணம். ஆனால் ஃபைலாக அனுப்பிய நாவலுக்கு இது பயன்படாது, அவரிடம் இன்னொரு படி இருக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது அந்தப் பதிப்பகப் பெயரும் ஐ.எஸ்.பி.என்.னும். உள்பக்கத்தில் பதிப்பாளர் என்று உங்கள் பெயர் இருக்கும்வரை, புத்தகத்தை வெளியிட்டவராக உங்களையே எடுத்துக்கொள்வார்கள். நாவலில் ஊர்க்காரர் ஒருவரை அடையாளம் தெரியும்படி இழிவாக எழுதியிருந்தால் நோட்டீஸ் உங்கள் வாசலுக்கும் வரும். நீங்கள் பார்க்காத மாற்றம் எதையாவது அவர் கடைசி நேரத்தில் சேர்த்திருந்தால் என்ன செய்வீர்கள்? பொது நூலகங்களுக்கு நூல்கள் வழங்கும் சட்டம் 1954-இன்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்பும் கடமையும் பதிப்பாளருக்குத்தான்.

ஆகவே ஆசிரியருக்கும் அச்சகத்துக்கும் தனி நோட்டீஸ் அனுப்புங்கள்: ‘என் பெயரையும் எண்ணையும் பயன்படுத்த அனுமதி இல்லை, மீதிப் பிரதிகளில் அந்தப் பகுதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், மறு அச்சில் நீக்குங்கள்.’ ஐ.எஸ்.பி.என். அவரே தன் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இணையம் வழியே இலவசமாகத் தருகிறது, தனி எழுத்தாளருக்கும் கிடைக்கும். இனி எல்லாருக்கும் அவரவர் பெயரிலேயே வாங்கிக் கொடுங்கள். நீங்கள் சேவை செய்பவர், பதிப்பாளர் அல்ல. அந்தக் கோட்டை அழியாமல் வைத்திருப்பதுதான் உங்கள் தொழிலுக்குப் பாதுகாப்பு.

அட்டை வரைந்தவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் உங்கள் ஊழியர் அல்ல. கூலி கொடுத்துவிட்டதாலேயே கணினியில் வரைந்த படத்தின் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது என்று நம்பி இருக்க முடியாது. உரிமை மாற்றம் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். கிண்டில் உலகம் முழுவதும் விற்கிறது, கனடாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் வாசகர்கள் இருக்கிறார்கள். எனவே ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், அச்சிலும் மின்னூலிலும் விளம்பரத்திலும்’ என்று எழுதி வாங்குங்கள். இந்த அட்டைக்கு இப்போதே அவரோடு பேசி, ஒரு தொகை கொடுத்து, தாளில் முடித்துவிடுங்கள்.

அடுத்த வேலைக்கு இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். தமிழ்நாட்டில் சாதாரண ஒப்பந்தத்துக்கான முத்திரைத் தீர்வை முன்பு 20 ரூபாய், இப்போது 200. அளவைப் பக்கத்தில் அல்லாமல் சொல்லில் எழுதுங்கள்; எழுத்துரு மாறினால் பக்கம் மாறும். திருத்தச் சுற்று இரண்டு, மூன்றாவதற்குத் தனிக் கட்டணம். ஒப்படைத்த பிரதியில் ஆசிரியர் புதிதாகச் சேர்ப்பது ‘திருத்தம்’ அல்ல, ‘புதிய வேலை’ என்று வரையறை. தொடக்கத்தில் 40 விழுக்காடு, எடிட்டிங் முடிந்ததும் 40, அச்சுப் பிடிஎஃப் தரும் முன் 20. அதுவரை வாட்டர்மார்க் போட்ட, குறைந்த தெளிவுள்ள பிடிஎஃப் மட்டுமே வெளியே போகட்டும். உங்கள் பிடி நழுவியது இந்த இடத்தில்தான். சினிமாப் பாடல் வரிகளை நாவலில் எடுத்தாளும் பழக்கம் நம்மிடம் அதிகம்; அதற்கான அனுமதியும், அவதூறு வந்தால் பொறுப்பும் ஆசிரியருடையது என்ற உறுதிமொழியும் வேண்டும். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் அவர் ஒப்புதல் தந்ததாகப் பதிவு இருக்கட்டும். படைப்பைச் சிதைத்ததாக 57-ஆவது பிரிவில் அவர் வழக்குப் போட்டால் அதுவே பதில்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஆசிரியர்களின் மின்னூல்களை உங்கள் கிண்டில் கணக்கில் ஏற்றுகிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். ராயல்டி உங்கள் வங்கிக்கு வரும், உங்கள் வருமானமாகத் தெரியும், பிரித்துக் கொடுப்பதில் தகராறு வந்தால் நம்பிக்கை மோசடி என்று புகார் போகும். அவர் பெயரில், அவர் பான் எண்ணில் கணக்குத் திறந்து கொடுங்கள். ஜிஎஸ்டியிலும் இதே கவனம் வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு வரி இல்லை, ஆனால் ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச வரம்பைக் கணக்கிடும்போது வரியில்லாத விற்பனையும் சேரும். ஆண்டுக்கு 9 லட்சத்துக்கு எடிட்டிங்கும் 12 லட்சத்துக்குப் புத்தகமும் உங்கள் பில்லில் போனால் மொத்தம் 21 லட்சம், பதிவு கட்டாயம். அச்சகம் ஆசிரியர் பெயரில் நேராகப் பில் போட்டு அவரிடமே பணம் வாங்கினால், அந்த 12 லட்சம் உங்கள் கணக்கில் வராது.