தழும்பு என்று வெட்டிய கட்டி மறுபடி முளைத்தால்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் தோள்பட்டையில் மறுபடி முளைத்த கட்டியைப் பற்றிக் களியக்காவிளையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் ஏழு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் கேட்க நினைத்தது ஒன்றுதான்: மகள் பிளஸ் டூ முடிப்பதைப் பார்க்க உங்கள் கணவர் இருப்பாரா? இருப்பார் என்று நம்புவதற்கு வலுவான காரணம் நீங்கள் அனுப்பிய திசு அறிக்கையிலேயே இருக்கிறது.

அதில் ‘டெர்மட்டோஃபைப்ரோசார்க்கோமா புரொட்டியூபெரன்ஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ‘சார்க்கோமா’ என்ற பாதியை மட்டும் கைபேசியில் தேடி, எலும்பிலும் ஆழ்தசையிலும் வரும் வேறு புற்றுநோய்களைப் பற்றிப் படித்துவிட்டு, இரண்டு வாரமாக உறங்காமல் இருக்கிறீர்கள். அவை இவருக்குப் பொருந்தா. இது தோலின் உள்ளடுக்கில் தோன்றி ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் கட்டி. நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே நுரையீரல் போன்ற இடங்களுக்குப் பரவுகிறது. எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் இப்போது அறுவை செய்த மருத்துவர் “பேடிக்கண்டா” (பயப்பட வேண்டாம்) என்று மலையாளத்தில் சொன்னதை வெறும் ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டீர்கள். அவர் உண்மையைத்தான் சொன்னார். பிள்ளைகளுக்கும் இது வராது. 17-ஆம் 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் பிழை கட்டியின் செல்களுக்குள் மட்டும் நேர்வது. அது பரம்பரையாக இறங்குவதில்லை.

நீங்கள் பயப்படாமல் விட்ட ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது. அறிக்கையின் கடைசியில், வெட்டியெடுத்த துண்டின் அடி விளிம்பைக் கட்டி தொட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். மிச்சம் உள்ளே இருக்கக்கூடும் என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் கட்டி உள்ளே எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெழுகில் பதித்த திசுவை நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கதிர் வடிவச் செல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சுழன்று பின்னிக் கிடப்பது தெரியும். இதை ‘ஸ்டோரிஃபார்ம்’ என்பார்கள். கோரைப்பாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் வீட்டுப் பாயின் நெசவை நினைத்துக்கொண்டால் போதும். காயம் ஆறிய இடத்தில் மிகையாகத் தடித்து வளரும் கீலாய்டுத் தழும்பில் இந்த நெசவு இருக்காது, தடித்த நார்ப்பட்டைகளும் அவற்றிடையே கொஞ்சம் செல்களுமே இருக்கும். சிடி-34 என்ற புரதத்தைக் காட்டும் சிறப்புச் சாயம் போட்டபோது இவருடைய செல்கள் பழுப்பாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன; அதனால் நோயின் பெயரில் ஐயமில்லை. இந்தச் செல்கள் கையால் தடவிப் பார்க்கும் முடிச்சோடு நிற்பதில்லை. அடியிலுள்ள கொழுப்புக்குள் வேர் விட்டதுபோல இறங்கி, கொழுப்புச் செல்களைச் சுற்றிவளைத்துத் தேன்கூடு போலப் பரவியிருக்கும். முடிச்சை மட்டும் எடுத்தால் வேர் நின்று மறுபடி முளைக்கும். ஆறு ஆண்டுகளாக இருந்த கட்டியைப் போன வருடம் வெட்டிய பிறகு உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. காயமே பட்டதாக நினைவில்லாத தோள்பட்டையில், வருடத்துக்கு வருடம் பெருத்து, மேலே முடிச்சு முடிச்சாகப் புடைத்த தடிப்புக்கு, ஒரு துளித் திசுகூட எடுத்துப் பார்க்காமல் கீலாய்டு என்று மூன்று ஊசி போட்டிருக்கிறார்கள். போன வருடம் வெட்டியபோதும் அந்தத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டிருக்கிறார்கள். திசு கெடாமல் காக்கும் பத்துச் சதவீத ஃபார்மலின் ஊற்றிய ஒரு சிறு பாட்டிலில் அன்றைக்கே போட்டு அனுப்பியிருந்தால் நோயின் பெயர் அப்போதே தெரிந்திருக்கும்; எட்டு மாதத்தில் அது மறுபடி முளைக்கும்வரை காத்திருக்க நேர்ந்திருக்காது. உடலிலிருந்து எடுக்கும் எந்தக் கட்டியையும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எடுத்த இடத்திலேயே மீண்டும் வளரும் கட்டியென்றால் கேட்டே ஆகவேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். கழுத்திலுள்ள பாலுண்ணிகளும் மார்பிலுள்ள சிவப்புப் புள்ளிகளும் இந்தக் கட்டியோடு தொடர்பில்லாதவை, விட்டுவிடுங்கள். ரப்பர் பாலை உறையவிடும் ஃபார்மிக் ஆசிட் தெறித்ததால் வந்ததா என்றால், இல்லை. அது தோலைப் பொசுக்கும், இந்தக் கட்டியை உண்டாக்காது. முதுகிலுள்ள தேமலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை இன்றோடு நிறுத்துங்கள், அது பூஞ்சையை வளர்க்கிறது. வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவும் யோசனையையும் விடுங்கள். சுளுக்குக்குப் போகும் இடம் வேறு, இது வேறு. கத்தி பட்டால் பரவும் என்று உறவினர்கள் சொல்வது தவறு. போதாத அளவுக்கு வெட்டினால்தான் இது திரும்ப வருகிறது.

இனிச் செய்யவேண்டியது: இப்போது அறுவை நடந்த மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டிகளையும் அதைச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கைத்தாள் மட்டும் போதாது. அவற்றோடு திருவனந்தபுரத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற ஓர் இடத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள நோய்க்குறியியல் மருத்துவரிடம், ‘ஃபைப்ரோசார்க்கோமா மாற்றம்’ எங்காவது இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். பரவும் வாய்ப்பைக் கூட்டுவது அந்த மாற்றம்தான். உங்கள் அறிக்கை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எம்ஆர்ஐ எடுத்து ஆழம் பார்த்து, தழும்பைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலோடும் அடியில் தசையுறையோடும் சேர்த்து எடுப்பார்கள். வசதி உள்ள மையங்களில், விளிம்பு முழுவதையும் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே எடுக்கும் மோஸ் முறையும் உண்டு. விளிம்பில் ஒன்றும் இல்லை என்ற அறிக்கை கைக்கு வந்த பிறகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தழும்பைத் தடவிக் காட்டச் சில ஆண்டுகள் போய்வர வேண்டும். பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள்தான் இது திரும்பி வரும்.

பால்வெட்டு சீசன் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மறுஅறுவைக்குப் பின் தோல் ஒட்டு வைக்க நேர்ந்தால் கையை உயர்த்தி ரப்பர் மரத்தில் பால்வெட்டச் சில வாரங்கள் ஆகும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்த மாதமே கூட்டிப் போங்கள், வெட்டுக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.