கட்டுரையில் யார் பெயர் முன்னுக்கு?

ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கும் வன்னிப் பிள்ளைகள் சிலர், எழுதியவர்களின் பெயர் வரிசை பற்றிக் கேட்டிருந்தார்கள்.

கிளிநொச்சி, விவசாய பீட மாணவி: மண் மாதிரி எடுத்ததும் எழுதியதும் நான். என் பெயரை முதலில் போட்டு, தன் பெயரைக் கடைசியில் வைக்கச் சொல்கிறார் மேற்பார்வையாளர் சேர். பெரியவரைக் கடைசியில் போடலாமா?

பயப்படாமல் போடுங்கள், தங்கச்சி. கலியாண அழைப்பிதழில் பெரியவர்களின் பெயர் மேலே வரும்; உயிரியல், மருத்துவம், விவசாயம் எல்லாவற்றிலும் கணக்கு வேறு. வேலையில் பெரும்பங்கு செய்தவர் முதலில், ஆய்வுக்குழுவை நடத்துபவர் கடைசியில். அந்தக் கடைசி இடம்தான் அங்கே தலைமைக் கதிரை. பாவம், நடுவில் நிற்பவர்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

வவுனியா, கணித மாணவர்: என் பெயர் ஆங்கில 'வி'யில் தொடங்குகிறது. எந்தக் கட்டுரையிலும் நான்தான் கடைசி.

கணிதத்தில் ஆங்கில அகரவரிசைதான் வழக்கம், தம்பி. சேர்ந்து யோசித்ததில் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்பது அவர்கள் வாதம்; அமெரிக்கக் கணிதக் கழகம் 2004இல் இதை அறிக்கையாகவே எழுதி வைத்தது. பொருளியலிலும் பெரும்பாலும் அப்படித்தான். துகள் இயற்பியலில் கேட்கவே வேண்டாம்: ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் வந்த கட்டுரையில் 5,154 பேர். 33 பக்கத்தில் ஆய்வுக்கு 9, மிச்சம் 24 பக்கமும் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும். முதல் பெயர் ஆட். ஆங்கிலத்தில் இரண்டு 'ஏ', வேறென்ன! வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, 'இத்துறையில் பெயர்கள் அகரவரிசையில்' என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் உயிரியல்காரர் ஒருவர் உங்களைக் குழுத் தலைவர் என்று நினைத்துவிடுவார்.

மல்லாவி வாசகி: அப்பா பெயர், என் பெயர்: எதைக் குடும்பப் பெயராகக் கொடுப்பது?

எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றாதீர்கள். ஒரு சஞ்சிகையில் அப்பா பெயரும் இன்னொன்றில் உங்கள் பெயரும் குடும்பப் பெயராகப் போனால், தேடுபவருக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். ஓர்கிட் (ORCID) என்ற, ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண்ணை இன்றே எடுங்கள், காசில்லை.

முல்லைத்தீவு ஆய்வு மாணவர்: கிணற்று நீர் ஆய்வு. அதில் கை வைக்காத ஒருவர் தன் பெயரையும் போடச் சொல்கிறார். கிணறுகளைத் திறந்துவிட்ட விவசாயி ஐயாவோ எதுவும் கேட்கவில்லை.

மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவுக்கு நான்கு நிபந்தனைகள்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், பிழை வந்தால் பொறுப்பு. நான்கும் வேண்டும். நிதி பெற்றுத் தந்ததோ பதவியோ மட்டும் போதாது. உங்கள் சஞ்சிகையின் விதிப் பக்கத்தையே அவருக்கு அனுப்புங்கள். நீங்கள் மறுத்ததாக இருக்காது. ஐயாவின் பெயரை, அவர் சம்மதத்தோடு, நன்றியுரையில் போடுங்கள். அப்புறம் அவர் கிணற்றுத் தண்ணீரின் முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.