பயணக் கேள்வி – பதில்: மூன்று தலைமுறையோடு டிஸ்னி வேர்ல்டுக்கு

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர்களும், அங்கேயே குடியிருக்கும் வாசகர்களும், ஃப்ளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டைப் பற்றித் தொடர்ந்து கேட்டு எழுதுகிறார்கள். இந்த இதழில் பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டாலஸில் வேலை பார்க்கும் எங்கள் மகன், டிசம்பர் கடைசி வாரத்தில் நான்கு நாட்கள் எங்களை டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போகிறான். எனக்கு 67 வயது. மனைவிக்கு 62 வயது, மூட்டு வலியும் உண்டு. பேத்திக்கு 4 வயது, பேரனுக்கு 9. பூங்காக்கள் நான்கு, நாட்கள் நான்கு, நாளுக்கு ஒன்று என்று மகன் அட்டவணையே போட்டுவிட்டான். எங்களால் ஈடுகொடுக்க முடியுமா? – திருச்சி வாசகர் ஒருவர்

பதில்: மகன் ஆசையாகப் போட்ட அட்டவணை என்பது புரிகிறது. ஆனால் அதன்படி நடந்தால், இரண்டாம் நாள் மாலைக்குள் உங்கள் மனைவியின் முழங்காலும் பேத்தியின் பொறுமையும் சேர்ந்தே தீர்ந்துவிடும். குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடையைப் பார்த்துத்தான் நாட்களைப் பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூங்கா என்றதும் ஒரு பகலில் பார்த்துவிட்டு வீடு திரும்பும் இடம்தான் நம் மனத்தில் வரும். டிஸ்னி வேர்ல்டின் பரப்பு ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். கலிஃபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலேண்டைச் சுற்றி மற்றவர்கள் விடுதிகளும் கடைகளும் கட்டி நெருக்கிவிட்டதைப் பார்த்த வால்ட் டிஸ்னி, அடுத்த முறை அப்படி நேரக் கூடாது என்று, 1960களின் நடுவில் வேறு வேறு பெயர்கள் கொண்ட நிறுவனங்கள் வழியாக ஃப்ளோரிடாவில் சதுப்பும் காடுமாகக் கிடந்த நிலத்தைச் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்தார். அவர் 1966 டிசம்பரில் காலமானார். அண்ணன் ராய் டிஸ்னி பொறுப்பை ஏற்று, முதல் பூங்காவான மேஜிக் கிங்டத்தை 1971 அக்டோபர் 1 அன்று திறந்தார். எப்காட் 1982இலும், இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று அழைக்கப்படும் பூங்கா 1989இலும், அனிமல் கிங்டம் 1998இலும் வந்தன. அன்று வாங்கிய அந்த விரிந்த நிலம்தான் இன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போகிறவர்கள் பூங்கா வாசலில் போய் இறங்க முடியாது. ஏரிக்கு இக்கரையில் காரை நிறுத்திவிட்டு, படகிலோ மோனோரயிலிலோ அக்கரைக்குப் போக வேண்டும். விடுதியை விட்டுக் கிளம்பியதிலிருந்து, பூங்காவின் நடுவில் நிற்கும் சிண்ட்ரெல்லா கோட்டை கண்ணில் படுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடலாம்.

நீங்கள் போகும் வாரமோ ஆண்டிலேயே கூட்டம் அதிகமான வாரங்களில் ஒன்று. பேரனின் பள்ளி விடுமுறையை மாற்ற இயலாது என்றால், பூங்காக்களில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். முதல் நாள் மேஜிக் கிங்டம். 4 வயதுக் குழந்தை உயரத் தடை இல்லாமல் ஏறக்கூடிய சவாரிகள் அங்கேதான் அதிகம். கோட்டையைப் பார்க்காமல் அவள் மற்ற எதையும் பார்க்க மாட்டாள். இரண்டாம் நாள் அனிமல் கிங்டம். காலையிலேயே சஃபாரி வண்டியில் ஏறி ஒட்டகச்சிவிங்கிகளையும் யானைகளையும் பார்த்துவிட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு முன் திரும்பிவிடலாம். மூன்றாம் நாள் எந்தப் பூங்காவும் வேண்டாம். விடுதியின் நீச்சல் குளமும், பகல் தூக்கமும் போதும். நான்காம் நாள் எப்காட். ஹாலிவுட் ஸ்டூடியோஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பேரன் கேட்டால், அந்த மூன்றாம் நாளில் அவனை மட்டும் தந்தை அழைத்துப் போகட்டும். நீங்கள் பேத்தியோடு இருங்கள். பணத்துக்கும் இது நஷ்டமில்லை. மூன்று நாள் டிக்கெட்டை ஐந்து நாட்களுக்குள்ளும், நான்கு நாள் டிக்கெட்டை ஏழு நாட்களுக்குள்ளும் பயன்படுத்தலாம் என்பதால், நடுவில் ஒரு நாள் ஓய்வெடுப்பதால் டிக்கெட் வீணாகாது.

பூங்காவுக்குப் போகும் நாட்களில், கதவு திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் நடக்கும் வேலை, பிறகு நாள் முழுவதும் நின்றாலும் நடக்காது. உச்சி வேளையில் விடுதிக்குத் திரும்பிப் படுத்து எழுந்து, மாலை ஐந்து மணிக்கு மேல் மீண்டும் போகலாம். டிசம்பரில் அங்கே காலையும் இரவும் குளிரும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

சக்கர நாற்காலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம். என் தாயாரை அழைத்துப் போனபோது, "நான் என்ன நோயாளியா?" என்று கேட்டு நாற்காலியை மறுத்துவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கல் திட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். செருப்பு வாரின் தடம் இரண்டு பாதங்களிலும் சிவந்து பள்ளமாகப் பதிந்திருந்தது. வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையிலேயே பூங்கா வாசலில் நாற்காலியை வாடகைக்கு எடுத்தோம். அன்று மாலை ஊர்வலம் வந்தபோது, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் இருந்து அவர் கையசைத்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் மனைவியிடம் இதைப் பயணத்துக்கு முன்பே பேசி, முதல் நாள் காலையிலேயே நாற்காலியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வரிசையில் நிற்காமல் போவதற்குத் தனிக் கட்டணம் உண்டாமே? ஏற்கெனவே டிக்கெட் விலையே தலைசுற்ற வைக்கிறது. அதையும் கட்டாயம் வாங்க வேண்டுமா? – சென்னை வாசகி

பதில்: கட்டாயம் இல்லை. அதன் பெயர் லைட்னிங் லேன். 2024 ஜூலையிலிருந்து அதில் முக்கியமாக இரண்டு வகைகள் விற்கப்படுகின்றன. மல்ட்டி பாஸ் வாங்கினால், அந்தப் பூங்காவில் மூன்று சவாரிகளுக்கான நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யலாம். அங்கே போய் ஒன்றைப் பயன்படுத்திய பின் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரும் முட்டிமோதும் ஓரிரண்டு சவாரிகள் மட்டும் சிங்கிள் பாஸ் என்று தனியாக விற்கப்படுகின்றன. இரண்டின் விலையும் நாளுக்கு நாள், பூங்காவுக்குப் பூங்கா மாறும். டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குவோர் ஏழு நாட்களுக்கு முன்பும், மற்றவர்கள் மூன்று நாட்களுக்கு முன்பும், அந்த ஊர்க் காலை 7 மணி முதல் பதிவு செய்யலாம். அது குளிர்காலத்தில் நமக்கு மாலை 5.30; கோடையில் 4.30. ஊரிலிருந்தே பதிவு செய்வதானால் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, மேஜிக் கிங்டத்துக்கு மட்டும், அதுவும் விடுமுறைக் கூட்டம் இருந்தால் மட்டும் வாங்குங்கள் என்பதே. அனிமல் கிங்டத்தில் காலையிலேயே நுழைபவர்களுக்கு இந்தச் செலவு அவசியமில்லை. டிஸ்னி விடுதியில் தங்குவோருக்குத் தினமும் அரை மணி நேரம் முன்னதாக நுழையும் உரிமையும் உண்டு. இதைவிட முக்கியமாக, காசே கேட்காத வசதி ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. சிறு குழந்தை ஏற முடியாத சவாரியில், அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு வெளியே இருந்துவிட்டு, அவர் திரும்பியதும் மறுபடியும் முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். வாசலில் நிற்கும் ஊழியரிடம் "ரைடர் ஸ்விட்ச்" என்று கேட்டால் போதும். வரிசையில் நுழைவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

கேள்வி: என் மகனின் உயரம் 108 செ.மீ. ஸ்பேஸ் மவுண்டனில் விடுவார்களா? – கோவை வாசகர்

பதில்: விட மாட்டார்கள். மேஜிக் கிங்டத்தில் உள்ள அந்த ரோலர் கோஸ்டருக்கும், அனிமல் கிங்டத்தின் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்டுக்கும் 112 செ.மீ. வேண்டும். வாசலில் அளவுகோல் வைத்து அளப்பார்கள். தடித்த காலணி போட்டு அழைத்துப்போய்க் குழந்தையை ஆபத்தில் விட வேண்டாம். குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு (செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின்) 97 செ.மீ. போதும். அதில் அவன் தாராளமாகப் போகலாம். எதில் ஏற முடியும், எதில் முடியாது என்பதை வீட்டிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பின் அளவுகோலுக்கு முன்னால் அழும் குழந்தைகளைப் பார்க்கச் சகிக்காது.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவம். மாமியார் வெளிச் சாப்பாட்டைத் தொட மாட்டார். என்ன செய்வது? – அட்லாண்டா வாசகி

பதில்: கட்டுச்சோறு கட்டுங்கள். வெளி உணவை உள்ளே கொண்டுபோக அங்கே அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடாக்க வேண்டிய பண்டமாகவும் இருக்கக் கூடாது. புளியோதரை, எண்ணெய் விட்டுக் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தியும் தொக்கும் ஆகியவை இதற்கென்றே பிறந்தவை போல் இருக்கும். தயிர்சாதம் கொண்டுபோனால், உறைய வைத்த ஜெல் பைகளுக்கு நடுவே வையுங்கள். உதிரிப் பனிக்கட்டிக்கு அனுமதியில்லை. பால் அதிகமாகவும் தயிர் ஒரு கரண்டியுமாகப் பிசைந்து எடுத்துப் போனால் மதியத்தில் புளிக்காது என்பதை உங்கள் மாமியாரே உங்களுக்குச் சொல்வார். குளிர்பானம் விற்கும் கவுண்டர்களில் குளிர்ந்த தண்ணீரை இலவசமாகவே தருகிறார்கள். பாட்டில் தண்ணீருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கைக்குழந்தை இருந்தால், ஒவ்வொரு பூங்காவிலும் உள்ள குழந்தைப் பராமரிப்பு மையத்தில் உணவைச் சூடாக்க மைக்ரோவேவ் இருக்கிறது.

நீங்கள் உணவகத்தில் சாப்பிடுவதானால், பட்டியலில் இலைச் சின்னம் போட்டவற்றைப் பாருங்கள். அவற்றில் இறைச்சி மட்டுமல்லாமல் முட்டையும் பாலும்கூட இருக்காது. சோறு, பீன்ஸ், சூப் ஆகியவற்றில் இறைச்சி வேகவைத்த நீரைச் சேர்ப்பது அமெரிக்க வழக்கம் என்பதால், இறைச்சித் துண்டு கண்ணில் படவில்லை என்று நம்பிவிடாமல் கேட்டு வாங்குங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற விடுதியில் உள்ள சனா உணவகத்தில் நான் ரொட்டி வகைகளோடு பலவிதச் சட்னிகளும் தருகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு வேளையாவது மாமியாரை அங்கே உட்கார வையுங்கள், சாப்பிடாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: எங்கள் 7 வயது மகனுக்கு ஆட்டிசம். வரிசையில் பத்து நிமிடம் நின்றாலே காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். உறவினர்கள் எல்லோரும் போகும்போது நாங்கள் மட்டும் வீட்டில் இருந்துவிடுவதே நல்லதா? – நியூ ஜெர்சி வாசகி

பதில்: இல்லை, அம்மா. நீங்களும் போக வேண்டும். உங்கள் மகனைப் போன்ற குழந்தைகளுக்காகவே கட்டணமில்லாத ஏற்பாடு ஒன்று அங்கே இருக்கிறது. டிஸபிலிட்டி ஆக்ஸஸ் சர்வீஸ் என்று பெயர். வரிசையில் நிற்க வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டு, திரும்பி வர வேண்டிய நேரத்தைத் தந்துவிடுவார்கள். அதுவரை அவனை நிழலான, சத்தமில்லாத இடத்தில் வைத்திருக்கலாம். பயணத்துக்கு முன்பே வீடியோ அழைப்பில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மகனும் அப்போது உடன் இருக்க வேண்டும். நோயின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், வரிசையில் அவனுக்கு என்ன நேர்கிறது, எத்தனை நிமிடத்தில் நேர்கிறது, அதன்பின் தேற எவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்கு எழுதியதைப் போலவே விளக்கமாகச் சொல்லுங்கள். எந்தச் சவாரியில் இருட்டு, எதில் திடீர்ச் சத்தம், எதில் பளிச்சிடும் விளக்கு என்று பட்டியலிட்ட வழிகாட்டியையும் டிஸ்னி நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, அவனுக்கு ஒத்துவரக்கூடிய நான்கைந்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் வீடியோக்களைப் பல நாட்கள் வீட்டில் காட்டிப் பழக்குங்கள்.

மேஜிக் கிங்டத்தில் பீப்பிள் மூவர் என்று மெல்ல ஊர்ந்து போகும் வண்டி ஒன்று உண்டு. தலைக்கு மேல் உயரத்தில் ஓடும் பாதையில், காற்று முகத்தில் படச் சுமார் பத்து நிமிடம் சுற்றி வரும். நடுவில் சிறிது தூரம் மட்டும் இருட்டு. முதல் நாள் அதிலிருந்து தொடங்குங்கள். அவனுக்குப் பிடித்துவிட்டால் அதிலேயே நான்கு முறை போகட்டும். மற்றவர்கள் எட்டுச் சவாரி பார்த்தார்களே என்று கணக்குப் பார்க்காதீர்கள். இரவு வாணவேடிக்கைக்கு முன் அவனை வெளியே அழைத்து வந்துவிடுங்கள். காது மூடும் ஹெட்ஃபோன் எப்போதும் பையில் இருக்கட்டும். உறவினர்களிடமும் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நீங்கள் எந்த நேரத்திலும் விடுதிக்குத் திரும்புவீர்கள், அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

கேள்வி: ஜூலையில் போகிறோம். மழை பெய்யுமா? – மதுரை வாசகர்

பதில்: பெரும்பாலான நாட்களில் பிற்பகலில் இடியோடு பெய்யும். அருகில் மின்னல் என்றால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். புழுக்கம் சென்னையின் மே மாதத்தை நினைவூட்டும். மழைக் கோட்டை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். ஒன்றரை மணி நேரம் எங்காவது ஒதுங்கி நில்லுங்கள். கூட்டத்தில் ஒரு பகுதி விடுதிக்குக் கிளம்பிவிடும். மழை விட்ட பிறகு வரும் மாலைதான் அந்த மாதத்தில் நல்ல நேரம்.

கேள்வி: என் தந்தை வாழ்நாள் முழுவதும் விவசாயம் செய்தவர். "பொம்மை பார்க்க எனக்கு என்ன வயசா?" என்று வர மறுக்கிறார். அவருக்கு அங்கே பார்க்க ஏதாவது உண்டா? – தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: எப்காட்டில் லிவிங் வித் தி லேண்ட் என்ற படகுச் சவாரிக்கு அழைத்துப் போங்கள். தண்ணீரில் மெல்ல நகரும் படகு, உண்மையான பசுமைக் குடில்களுக்குள் நுழையும். மண்ணே இல்லாமல், வேருக்குச் சத்து நீரைப் பாய்ச்சி வளர்க்கும் காய்கறிகள், மேலே பந்தலில் படர்ந்து தொங்கும் பூசணிகள், வாழை, மீன் வளர்க்கும் தொட்டிகள் என்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். விளைந்தவற்றை அங்குள்ள உணவகங்களிலேயே பயன்படுத்துகிறார்கள். உயரத் தடையோ, குலுக்கலோ கிடையாது. படகின் முன் வரிசையில் அவரை உட்கார வையுங்கள்; பக்கத்தில் பேரக்குழந்தைகள் இருக்கட்டும். அந்தக் கால் மணி நேரம் பூவும் பிஞ்சும் காட்டி விளக்கம் சொல்லப்போகிறவர் அவர்தான் என்பதால், ஒரு முறையோடு இறங்கிவிடாமல், அவர் கேட்டால் இரண்டாம் முறையும் வரிசையில் நில்லுங்கள்.