கறுப்பு வீழ்படிவும் சிவப்புச் சாதிலிங்கமும்

கேள்வி: ஆய்வகத்தில் மெர்குரிக் குளோரைடு கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினோம், கறுப்பாக வீழ்படிவு வந்தது. அது மெர்குரிக் சல்பைடு என்றார்கள். சாதிலிங்கமும் அதே சேர்மம்தான் என்கிறார்களே, அது நல்ல சிவப்பாயிற்றே?

பதில்: இரண்டும் ஒரே சேர்மம்தான். ஒரு பாதரச அணுவுக்கு ஒரு கந்தக அணு, அதில் மாற்றமே இல்லை. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம்தான் வேறு. கறுப்பில் ஒவ்வொரு பாதரச அணுவைச் சுற்றியும் நான்கு கந்தக அணுக்கள் சம தூரத்தில் நிற்கின்றன. சிவப்பில் இரண்டு மட்டும் நெருங்கிப் பிணைந்து, பாதரசமும் கந்தகமும் மாறி மாறி வரும் சங்கிலி ஒன்று திருகுப் படிக்கட்டு மாதிரி சுழன்று போகிறது. இந்த அமைப்பில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். நீலம், பச்சை, மஞ்சள் ஒளிக்கெல்லாம் அதைத் தாண்டவைக்கும் ஆற்றல் இருப்பதால் அவை உறிஞ்சப்பட்டுவிடும். சிவப்புக்கு அது போதாது, அதனால் அது மட்டும் தப்பித்து நம் கண்ணுக்கு வருகிறது. கறுப்பில் அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லவே இல்லை, எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும்.

அறை வெப்பநிலையில் நிலையானது சிவப்புதான். கரைசலில் சட்டென்று உருவாகும்போது அணுக்களுக்கு அந்த வடிவத்தில் அமர அவகாசம் கிடைப்பதில்லை, கறுப்பாகவே நின்றுவிடுகின்றன. அதே கறுப்பைப் பதங்கமாக்கி, அதாவது உருகாமலே நேராக ஆவியாக்கி, குளிரவைத்தால் சிவப்பாகப் படியும். பழைய காலத்தில் சாயம் செய்ததும் அப்படித்தான்.

அடுத்த முறை வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள். முதலில் வெள்ளை, அப்புறம் மஞ்சள், பழுப்பு, கடைசியில்தான் கறுப்பு. குளோரைடும் சல்பைடும் கலந்த சேர்மம் முதலில் வெளுப்பாக வந்து, படிப்படியாகக் குளோரைடை இழக்கிறது. எனக்கு இந்தச் சோதனையில் ரொம்பப் பிடித்த இடமே அதுதான், அவசரப்பட்டால் கண்ணில் படாமல் போய்விடும்.

கேள்வி: அந்தக் கறுப்பு வீழ்படிவு அடர் நைட்ரிக் அமிலத்திலும் கரையவில்லையே?

பதில்: கரையாது. தாமிரம், ஈயம் இவற்றின் சல்பைடுகள் சூடான நைட்ரிக் அமிலத்தில் கரையும், இது மட்டும் அசையாது. பகுப்பாய்வில் பாதரசத்தைப் பிரித்து அடையாளம் காண்பதே இதை வைத்துத்தான். இதைக் கரைக்க இராஜ திராவகம், அதாவது அடர் நைட்ரிக் அமிலமும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கலவை, வேண்டும். அதில் நைட்ரிக் அமிலம் கந்தகத்தை ஆக்சிஜனேற்றம் செய்ய, குளோரைடு அயனிகள் பாதரசத்தைச் சூழ்ந்து இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: அவ்வளவு கரையாத பொருள் என்றால் பாதுகாப்பானதுதானே? தெர்மாமீட்டர் உடைந்தால் கந்தகத் தூள் தூவச் சொல்வதும் அதனால்தானா?

பதில்: மற்ற பாதரச உப்புகளைவிட உடலில் சேர்வது குறைவு, உண்மைதான். ஆனால் காற்றில் சூடாக்கினால் பாதரச ஆவியும் கந்தக டைஆக்சைடும் வெளிவரும், பாதரசத்தை அதன் தாதுவிலிருந்து எடுப்பதே அந்த வழியில்தான், அதனால் சாதிலிங்கத்தைத் தயவுசெய்து அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். கந்தகத் தூளும் துளியின் மேற்பரப்பில்தான் மெதுவாக வினைபுரியும், உள்ளே பாதரசம் அப்படியே இருக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு, தடித்த அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் இறுக்கி அடைத்து, அபாயக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள். துடைப்பம், வாக்யூம் கிளீனர் இரண்டும் கூடவே கூடாது, துளியை உடைத்து ஆவியைத்தான் பரப்பும்.