கடல் முன்னால் கை குவியவில்லை

கேள்வி: நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு மீனவ கிராமம் எங்களுடையது. 2004 சுனாமியில் 7 வயதுத் தம்பியைப் பறிகொடுத்தோம். எனக்கு அப்போது 12. தென்னையைக் கட்டிப் பிடித்திருந்த என்னை யாரோ ஒரு அண்ணன் தூக்கிக்கொண்டு ஓடினார். வருடா வருடம் டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றும்போது, “சாமி உன்னையாவது விட்டு வச்சுதே, கும்பிட்டுக்க” என்கிறார் அம்மா. எனக்குக் கை குவிவதில்லை. தம்பியை எடுத்துக்கொண்ட சாமிக்கு என்னவென்று நன்றி சொல்வது? என் மகளுக்கு இப்போது 7 வயது. அவளும் வருகிறேன் என்கிறாள். கூட்டிப் போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, கை குவியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தம்பி போனதற்கு நன்றி சொல் என்று எந்தச் சாமியும் கேட்காது. நானும் தினமும் விளக்கேற்றுகிறவள்தான். கோயில் வாசலில் அம்மனைத் திட்டித் தீர்த்துவிட்டு, அதே மூச்சில் அழுது கும்பிடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு பக்தி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

தம்பியைச் சாமி எடுத்துக்கொண்டது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது நமக்குக் காலை சுமார் 6.30 மணி. அலை உங்கள் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும், ‘கரையை விட்டு ஓடுங்கள்’ என்று சொல்ல இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடமும் கிடையாது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்தான். மனிதர்கள் செய்யாமல் விட்டதைச் சாமி கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவோடு இதற்காக வாதாட வேண்டாம். பிள்ளையைக் கொடுத்த பிறகு அவர் மறுநாள் எழுந்து உலை வைக்க வேண்டியிருந்தது, உங்களுக்காக. அந்த ‘உன்னையாவது’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அது உங்களுக்கும் ஆகவேண்டும் என்பதில்லை.

நன்றி சொல்ல மனம் இடம் கொடுக்கும் இடங்கள் வேறு இருக்கின்றன. நாகூர் தர்கா, மதம் பார்க்காமல் இறந்தவர்களைப் புதைக்கத் தன் நிலத்தைக் கொடுத்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், உயிர் தப்பி ஓடிவந்த மீனவக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். வெளியூர்களிலிருந்து வந்த துப்புரவுத் தொழிலாளர்கள், சொந்தக்காரர்களே கிட்டப் போக முடியாத உடல்களைத் தூக்கி அடக்கம் செய்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரியாது. சாமி அன்று எங்கே இருந்தது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தக் கைகளில் இருந்தது என்றுதான் சொல்வேன்.

மகளைக் கூட்டிப் போங்கள். தம்பி வயது, மகள் வயது இரண்டையும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடம் உங்களுக்கு ஏன் இவ்வளவு கனக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. மாமா எப்படிச் செத்தார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எதற்குச் சிரிப்பான், எதற்கு அடம் பிடிப்பான், உங்களை என்னவென்று கூப்பிடுவான், அதையெல்லாம் சொல்லுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பால் ஊற்றும்போது தம்பி பெயரை வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அழுகை வந்தால் மகள் பார்க்கட்டும், பரவாயில்லை.

அப்புறம் ஒன்று. உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை ‘யாரோ ஒரு அண்ணன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் விசாரித்துப் பாருங்கள், யாருக்காவது ஞாபகம் இருக்கும். ஆள் கிடைத்தால், டிசம்பர் வரை காத்திருக்காமல் மகளோடு அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.