தனியாக ஊர் சுற்றுகிறவரை யார் படம் எடுப்பது? கேள்வி பதில்

தனியாகப் பயணம் போகும்போது நம்மை நாமே நன்றாகப் படம் எடுத்துக்கொள்வது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கையில் செல்போன் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

அக்கா, செல்ஃபி எடுத்தால் மூக்குதான் பெரிதாகத் தெரிகிறது, போன இடமே தெரிவதில்லை. ஸ்டிக் வாங்கலாமா?

கையை நீட்டி எடுக்கும்போது போன் முகத்திலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில், லென்ஸுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். ஸ்டிக் இன்னும் இரண்டடி கொடுக்கும், அவ்வளவுதான். போனை எங்காவது நிறுத்திவிட்டு, பின்பக்கக் கேமராவில் 2 மடங்கு ஜூம் வைத்து, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். முகம் முகமாக இருக்கும், பின்னாலிருக்கும் மலையோ கோபுரமோ பெரிதாக எழுந்து நிற்கும். ஜூம் இல்லாமல் எடுத்தால் படத்தின் ஓரத்தில் மட்டும் நிற்காதீர்கள். ஓரத்தில் நிற்பவரை வைட் லென்ஸ் இழுத்துப் பருமனாக்கிவிடும்.

ட்ரைபாட் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. போனை எதில் நிறுத்துவது?

தண்ணீர் பாட்டில், பையின் முதுகு, மதில் மேல் ஒரு கல். எனக்குப் பிடித்தது செருப்பு. வாருக்கு நடுவில் போனைச் செருகினால் ஆடாமல் நிற்கும். தரையில் வைக்கும்போது போனைத் தலைகீழாக வையுங்கள், லென்ஸ் மண்ணை ஒட்டி வரும். முன்னால் இருக்கிற புல்லும் குட்டையும் படத்துக்குள் வரும், கால் நீளமாகத் தெரியும்.

தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும். மாமல்லபுரம், ஹம்பி எல்லாம் அதில் சேர்த்தி. காவலர் விசில் அடிப்பார். செருப்புக்கு இதுவரை யாரும் அடித்ததில்லை.

டைமர் 10 வினாடி வைத்து ஓடினால் மூச்சு வாங்கின முகம்தான் விழுகிறது.

ஓடவே வேண்டாம். வீடியோ போட்டுவிட்டு நிதானமாக நடந்து போய் நில்லுங்கள், திரும்புங்கள், முடியைச் சரிசெய்யுங்கள், சிரியுங்கள். அறைக்கு வந்து நல்ல நொடியை நிறுத்திப் படமாகச் சேமித்துக்கொள்ளலாம். 4கே வீடியோவின் ஒரு பிரேம் சுமார் 8 மெகாபிக்சல், ஏ4 அளவுக்குப் பிரிண்ட் போடத் தாராளம். வெளிச்சம் நன்றாக இருக்கும்போது மட்டும் இப்படிச் செய்யுங்கள். மாலை மங்கினால் அசைவு கலங்கிவிடும். அப்போது சின்ன ப்ளூடூத் ரிமோட் நல்லது. வயர் உள்ள இயர்போன் இருந்தால் பல போன்களில் அதன் வால்யூம் பட்டனே படம் எடுக்கும். பல சாம்சங் போன்களில் கேமரா செட்டிங்கில் அதற்கான வசதியை ஆன் செய்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினாலே போதும்.

அப்புறம், நிற்கப் போகும் இடத்தில் பையை வைத்து, திரையில் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் மங்கலாகவும் பின்னாலிருக்கும் பாறை தெளிவாகவும் வரும்.

வழியில் போகிறவரிடம் கொடுத்தால் காலை வெட்டிவிட்டு வானத்தை எடுத்துத் தருகிறார்கள். கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

“ஒரு போட்டோ எடுங்க” என்று போனை நீட்டினால் அப்படித்தான் வரும். முதலில் அவரை உங்கள் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். “அண்ணே, ஒரு நிமிஷம் அங்க நில்லுங்க, அளவு பார்த்துக்கிறேன்” என்றால் யாரும் மறுப்பதில்லை. அவரை ஒரு படம் எடுத்துக் காட்டி, “இதே மாதிரி, என் செருப்புக்குக் கீழ கொஞ்சம் தரை தெரியணும், இங்கேயிருந்து நகராதீங்க” என்று சொல்லிக் கொடுங்கள். பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லாதீர்கள், பல போன்களில் வீடியோ ஓட ஆரம்பித்துவிடும். டக் டக்கென்று ஏழெட்டுத் தடவை தட்டச் சொல்லுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தங்களுக்குள் மாறி மாறி எடுத்துக்கொண்டிருக்கும் ஜோடியிடம் போய், “உங்க ரெண்டு பேரையும் சேர்த்து எடுத்துத் தரட்டுமா?” என்று நீங்கள் முதலில் கேளுங்கள். ஐந்தாறு படம் நன்றாக எடுத்துக் கொடுத்தால், அவர்களும் அதே அக்கறையோடு எடுப்பார்கள். போனோடு ஓடிவிடுவார்களோ என்று பயந்தால் கைக்குழந்தையோடு வந்த குடும்பமாகப் பாருங்கள்.

எத்தனை மணிக்கு எடுத்தால் நன்றாக வரும்?

நம் ஊர்ப் பக்கம் இதற்கு எளிய வழி உண்டு. கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை. தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் காலையில் கிழக்குப் பக்கமிருந்து, கருவறை மேலுள்ள விமானத்தைப் பார்த்தபடி போனை வைத்தால் வெயில் போனுக்குப் பின்னாலிருந்து வந்து விமானத்திலும் உங்கள் மேலும் விழும். மாலையில் அதே இடத்தில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும், நீங்கள் நிழலுருவமாகத்தான் வருவீர்கள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையும் கிழக்கு முகம்தான். காலையில் செதுக்கல் ஒவ்வொன்றும் துலங்கும், பிற்பகலில் பாறை நிழலுக்குள் போய்விடும். சீக்கிரம் போனால் கூட்டமும் இருக்காது.

உச்சி வெயிலில் எடுக்கவே கூடாது என்பதில்லை. மண்டப நிழலின் விளிம்பில், வெளியே பார்த்து நில்லுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்துக்குப் போதும். கண்ணுக்குக் கீழே கருநிழல் விழாது.

கோயிலுக்குள் கொண்டுபோகும் முன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

கடற்கரையில் எடுத்தால் நான் கருப்பாகவும், அறையில் எடுத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரியும் வருகிறேன்.

இரண்டுமே போனின் வேலை. மணலும் வானமும் பளீரென்று இருப்பதால் போன் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடுகிறது. முகத்தின் மேல் தட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். அறையில் நடப்பது பியூட்டி மோடின் கைங்கரியம். பல போன்களில் நாம் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். அதை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். மாநிறமும் கருநிறமும் காலை வெயிலில் எவ்வளவு அழகாக மின்னுகின்றன என்று அப்போதுதான் தெரியும்.

லென்ஸையும் துப்பட்டா நுனியால் துடையுங்கள். பாதிப் பேருக்குப் படம் புகைமூட்டமாக வருவதற்குக் காரணம் விரல் பிசுக்குத்தான்.

கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். டீ கிளாஸ், பையின் வார், தூண். அல்லது நடந்துகொண்டே இருங்கள்.

ரயில் வாசலில் தொங்கியபடி ஒன்று?

வேண்டாம். ஜன்னலோர இருக்கை போதும்.

தனுஷ்கோடிக்குத் தனியாகப் போகிறேன். எச்சரிக்கை ஏதாவது?

காற்று பலமாக அடிக்கும். ட்ரைபாட் கொண்டுபோனால் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவர் நிழலில் நல்ல படம் வரும். ஆனால் சுவர் மேல் ஏறாதீர்கள், சாயாதீர்கள். போஸ் கொடுக்கக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவும் வேண்டாம். பெண்கள் தாங்கள் இருக்கும் இடத்தை உடனுக்குடன் இணையத்தில் போடாமல், அந்த ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது.